தாரும் தண்ணீரும்: வாசகர் கேள்வி-பதில்

சாலை, மொட்டை மாடி, தார் டின் என்று வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் ஊராட்சி எஸ்டிமேட்டில் ‘பிட்டுமின்’ என்று போட்டிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் ‘தார்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? (சேலம் வாசகர்)

பேச்சில் ஒன்று, பொருளில் வேறு. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கல்கரி எடுக்கும்போது வடிந்து வருவது கரித்தார். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் பிரித்த பிறகு, வெற்றிடக் கோபுரத்தின் (அழுத்தத்தைக் குறைத்துக் காய்ச்சி வடிக்கும் கோபுரம்) அடியில் தங்குகிற கனத்த கருப்புப் பிழம்பு பிட்டுமின். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கரில் ஏறுவது இதுதான். இன்றைக்கு நம் சாலைகளில் ஊற்றுவதும் இதுவே. கரித்தாரின் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பல மடங்கு அதிகம் என்பதால் அது சாலை வேலையிலிருந்து ஒதுங்கிவிட்டது. பெயர் மட்டும் ஒதுங்கவில்லை.

கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு துளியை மண்ணெண்ணெயில் போட்டுக் கலக்குங்கள். பிட்டுமின் முழுசாகக் கரைந்து கறுப்பாகும். கரித்தார் சரியாகக் கரையாமல் கசடு விடும். அந்துருண்டை வாசனையும் காட்டிக்கொடுக்கும். தமிழில் படகுப் பலகை இடுக்குகளில் பூசிய கருப்புப் பசைக்குக் ‘கீல்’ என்று பெயர். பாடநூல்கள் அதிலிருந்து ‘நிலக்கீல்’ என்று எடுத்துக்கொண்டன. நல்ல சொல்தான். ஆனால் யாரும் ‘நிலக்கீல் ரோடு’ என்று சொல்லப் போவதில்லை. எனவே இந்தப் பக்கத்திலும் தார் என்றே எழுதுகிறோம்.

கேள்வி: வி.ஜி.-30 தாரின் இளகுநிலை 47 டிகிரி என்று படித்தேன். மே மாதத்தில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுகிறது. அப்படியிருந்தும் சாலை ஏன் உருகி ஓடுவதில்லை? (சிவில் டிப்ளமோ மாணவர், திருநெல்வேலி)

நல்ல கேள்வி. வி.ஜி. என்பது தாரை அதன் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, வைத்துப் பிரிக்கும் தரம். 47 என்பது உருகுநிலை இல்லை. பனிக்கட்டி 0 டிகிரியில் சட்டென்று நீராவதுபோல் மாறும் புள்ளி எதுவும் தாருக்குக் கிடையாது. சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் ஒரு பித்தளை வளையத்தில் தாரை நிரப்பி, அதன் மேல் 3.5 கிராம் எஃகுக் குண்டை வைத்து, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் தண்ணீரைச் சூடேற்றுவார்கள். குண்டு தாரோடு தொங்கி 25 மி.மீ. இறங்குகிற சூடுதான் இளகுநிலை. வி.ஜி.-30-க்கு அது குறைந்தது 47 இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 73 என்ற இந்தியத் தரநிலை. தனித் தார் ஒரு குண்டைத் தாங்காமல் தொய்யும் சூடு அது, சாலை தொய்யும் சூடு அல்ல.

சாலையில் நூறு கிலோ கலவைக்கு ஐந்து கிலோ அளவுதான் தார். லாரியின் எடையைச் சுமப்பது ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட ஜல்லி. தாரின் வேலை அந்தப் பூட்டு கழலாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு 60 டிகிரியிலும் அது போதுமான கெட்டியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் வி.ஜி.-30-இன் பாகுநிலை 2400 முதல் 3600 பாய்ஸ். தண்ணீரின் பாகுநிலை 0.01 பாய்ஸ். அதாவது உங்கள் ‘உருகிய’ தார் தண்ணீரைப்போல் மூன்று லட்சம் மடங்கு கெட்டி.

பழைய 60/70, 80/100 என்ற கணக்கை இன்னும் பல கான்ட்ராக்டர்கள் சொல்வார்கள். அது ஊசி இறங்கும் ஆழம்: 25 டிகிரியில் 100 கிராம் எடையோடு ஊசி 5 விநாடியில் 6 முதல் 7 மி.மீ. இறங்கினால் 60/70. ஆனால் 25 டிகிரியில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தார்கள் 60 டிகிரியில் வேறு வேறாக நடந்துகொள்ளும். நம் சாலையின் சிக்கல் 60 டிகிரியில்தானே! அதனால்தான் 2006-இல் தரத்தைப் பாகுநிலை அடிப்படைக்கு மாற்றினார்கள். ஏழு நாள் சராசரி உச்ச வெப்பம் 38 முதல் 45 டிகிரி வரை போகும் ஊருக்கு வி.ஜி.-30. அதற்கும் மேலே போனாலோ, கனரக வாகனம் மிக அதிகமானாலோ வி.ஜி.-40.

சிக்னலிலும் பேருந்து நிறுத்தத்திலும் சாலை அலை அலையாக மடிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சூட்டோடு இன்னொன்று சேர்கிறது: நேரம். ஓடுகிற வண்டி ஒரு நொடியில் கடந்துவிடும். நிற்கிற பேருந்து அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருக்கும், தார் நிதானமாக நகரும். சாலை முழுக்கக் கறுப்பாகக் கசிந்து செருப்பில் ஒட்டினால் கதை வேறு. அது தார் அதிகமாகி, கலவைக்குள் 3 சதவீதமாவது இருக்க வேண்டிய காற்றிடம் அடைபட்டதன் அடையாளம். வெயிலில் விரியும் தாருக்குப் போக இடமில்லை, மேலே வருகிறது. உச்சி வெயிலில் சூடேற்றிய பருமணலையோ கல் சிப்ஸையோ தூவி ரோலர் ஓட்டுவது கைமருத்துவம்.

கேள்வி: எங்கள் தெரு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். பழைய தார்ச்சாலை மேல் 20 மி.மீ. கம்பளமும் சீல் கோட்டும் போட அனுமதி வந்திருக்கிறது. எவ்வளவு தார், எவ்வளவு ஜல்லி இறங்க வேண்டும்? வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (வார்டு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்)

முதலில் கணக்கு. கம்பளம் என்பது தார் கலந்த ஜல்லியின் மெல்லிய அடுக்கு, சீல் கோட் என்பது அதன் இடைவெளிகளை அடைக்கும் மேல்பூச்சு. இந்த வேலைக்கு 10 சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. 13.2 மி.மீ. ஜல்லி 0.18 கன மீட்டர், 11.2 மி.மீ. ஜல்லி 0.09 கன மீட்டர், தார் 14.6 கிலோ. உங்கள் தெரு 300 சதுர மீட்டர். முப்பதால் பெருக்கினால் ஜல்லி 8.1 கன மீட்டர் (நம் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று யூனிட்), தார் 438 கிலோ. மேலே தார் கலந்த மணல் சீல் கோட் என்றால் 10 சதுர மீட்டருக்கு 0.06 கன மீட்டர் மணலும் 6.8 கிலோ தாரும். அதாவது 1.8 கன மீட்டர் மணல், 204 கிலோ தார். மொத்தத் தார் 642 கிலோ.

இதில் டேக் கோட் (புது அடுக்கு ஒட்டுவதற்காக முதலில் தெளிக்கும் பூச்சு) சேராது. பழைய தார்ப் பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ எமல்ஷன், உங்கள் தெருவுக்கு 60 முதல் 90 கிலோ. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கவிட்ட தார்த் துளிகள். டேக் கோட்டுக்கு வரும் ஆர்.எஸ்.-1 என்ற சீக்கிரம் இறுகும் எமல்ஷனில் தார் 60 சதவீதம் அளவு, மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே அந்த பேரலையும் சேர்த்துக்கொண்டு ‘642 கிலோ இறங்கியாச்சு’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எமல்ஷன் தெளித்த இடத்தைக் குனிந்து பாருங்கள். தெளித்தவுடன் காபிப்பொடி நிறத்தில் பழுப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிரிந்து, ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வரும். முழுக்கக் கறுத்த பிறகுதான் மேலே கலவை கொட்ட வேண்டும். பழுப்பிலேயே கொட்டினால் தண்ணீர் அடியில் மாட்டிக்கொண்டு கம்பளம் ஒட்டாமல் வழுக்கும். அளவைச் சோதிக்க ஒரு சுலப வழி: 30-க்கு 30 செ.மீ. அட்டையை எடைபோட்டுத் தரையில் வைத்து, தெளித்த உடனே திரும்ப எடைபோடுங்கள். 18 முதல் 27 கிராம் கூடியிருந்தால் சரி. நகை எடைக்கு வைத்திருக்கும் சின்னத் தராசு போதும். தெளிப்பதற்கு முன் தரையைப் பெருக்கினார்களா என்பதையும் பாருங்கள். மண் மேல் தெளித்த டேக் கோட் மண்ணைத்தான் பிடிக்கும்.

அடுத்தது சூடு. வி.ஜி.-30 என்றால் தாரை 150 முதல் 165 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். கலவை தரையில் விரியும்போது குறைந்தது 140. ரோலர் வேலை 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் முடிய வேண்டும். 20 மி.மீ. கனம் மிகச் சீக்கிரம் ஆறும். தூரத்திலிருந்து டிப்பர் வந்தால் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பித் தெர்மாமீட்டரைக் கலவைக்குள் குத்திப் பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அது கையில் இல்லாவிட்டால் கண் போதும். குவியலிலிருந்து நீலப் புகை எழுந்தால் தார் கருகியிருக்கிறது. குவியல் சரியாமல் கூம்பாக விறைத்து நின்று, கல்லில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் ஆறிவிட்டது. நல்ல கலவை கறுத்து மினுங்கும், மண்வெட்டியிலிருந்து தானாக வழுக்கி விழும்.

ரோலர் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் கலவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். சக்கரத்தில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தடவலாம், டீசல் கூடாது. சூடான பரப்பில் ரோலரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவதும் கூடாது. சக்கரம் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும்.

கேள்வி: போட்டு நாலு மாதம் ஆன சாலை, முதல் மழையில் ஜல்லி ஜல்லியாகப் பெயர்ந்துவிட்டது. ‘தார் தரமில்லை சார்’ என்கிறார் கான்ட்ராக்டர். உண்மையா? (செங்கல்பட்டு வாசகர்)

பெரும்பாலும் இல்லை. சுத்திகரிப்பு ஆலைத் தார் சோதனைச் சான்றோடு வருகிறது. அதைக் கெடுக்கிற இடம் கொதிகலன். தார் கலவையாகும்போது எவ்வளவு முதிரும் என்று பார்க்க, ஆய்வகத்தில் 163 டிகிரியில் 85 நிமிடம் மெல்லிய படலமாகச் சுழற்றுவார்கள். அதன் பிறகு பாகுநிலை நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. அடுப்பை மூட்டிவிட்டு மத்தியானம் வரை காய்ச்சிக்கொண்டே இருந்தால் அந்த எல்லையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும். கருகிய தார் மொறுமொறுப்பாகி, ஜல்லியை விட்டுவிடும்.

ஆனால் ‘முதல் மழையில்’ என்று நீங்கள் எழுதியிருப்பது வேறு பக்கம் கைகாட்டுகிறது. நம் கருங்கல்லில் சிலிக்கா அதிகம். அந்த வகைக் கல் தாரைவிடத் தண்ணீரோடு அதிகம் ஒட்டும். காய்ந்து சூடாக இருக்கும்போது தாரைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் இடுக்கில் புகுந்தால் தாரைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஜல்லியில் கிரஷர் தூசி படிந்திருந்தால் தார் ஒட்டியது தூசியோடுதான், கல்லோடு இல்லை. பிறகு மேலே ஓடும் ஒவ்வொரு சக்கரமும் இடுக்கில் நிற்கும் தண்ணீரைப் பம்பு போல் அழுத்தித் தாரைப் பிரிக்கும். சுண்ணாம்புக் கல்லுக்கு இந்தக் குணம் குறைவு. அதனால்தான் ஒட்டாத ஜல்லிக்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள் 2 சதவீதம் சேர்க்கச் சொல்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க ஆய்வகம்கூட வேண்டியதில்லை. 12.5 முதல் 20 மி.மீ. வரையுள்ள ஜல்லி 200 கிராம் எடுத்து 150 டிகிரிக்குச் சூடாக்கி, 160 டிகிரித் தார் 10 கிராம் விட்டு, கல் தெரியாதபடி கிளறுங்கள். இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் மூழ்க வையுங்கள். மறுநாள் வெளுத்துத் தெரியும் பரப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை தொடங்கும் முன் எந்த ஊராட்சியும் செய்யக்கூடிய சோதனை இது. 40 டிகிரியை ஒரு நாள் முழுக்கக் காப்பது ஒன்றுதான் சிரமம்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதையும் பாருங்கள். 20 மி.மீ. கம்பளம் இடைவெளி நிறைந்தது. சீல் கோட்டை மிச்சம் பிடித்திருந்தால் அது சல்லடைதான். இரண்டாவது, சாலையின் நடுமேடு. மழை அதிகமுள்ள இடத்தில் சாய்வு 2.5 சதவீதம். 3 மீட்டர் தெருவில் நடு, ஓரத்தைவிட ஏறக்குறைய 4 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஓரத்துக்கு வந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? சாக்கடை மேடாகவும் சாலை பள்ளமாகவும் இருந்தால் உலகத்தில் எந்தத் தாரும் தாங்காது.

கேள்வி: குடியிருப்பு வாசலில் ஒரு குழி. பையில் வரும் குளிர் கலவை (சூடாக்காமல் போடும் தார்க் கலவை) வாங்கிக் கொட்டினோம். பத்து நாளில் மறுபடி குழி. (குடியிருப்போர் சங்கம், கோவை)

கொட்டினீர்கள், வெட்டவில்லை. குழியின் ஓரம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதன் மேல் நிரப்பினால் புதுக் கலவைக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இருக்காது. கெட்டியான பரப்பு வரும்வரை சதுரமாகக் கோடு போட்டு, கட்டர் வைத்துச் செங்குத்தாக வெட்டி எடுங்கள். தட்டுப்போல் சரிந்த விளிம்பு விடக் கூடாது. தண்ணீர், சேறு, தூசி எதுவும் இல்லாமல் துடைத்து, அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் எமல்ஷன் தடவி, கறுக்கும்வரை காத்திருங்கள். ஐந்து செ.மீ.க்கு மேல் ஆழம் என்றால் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் இடிகட்டையால் இறுக்குங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு. முடிவில் சாலை மட்டத்தைவிட அரை செ.மீ. மேடாக நிற்கட்டும், வண்டி ஓடி அமுங்கும்.

60-க்கு 60 செ.மீ., 5 செ.மீ. ஆழம் உள்ள குழிக்கு 40 கிலோ கலவை பிடிக்கும். ஒரு பையை வாங்கிவிட்டு, குழி நிறைகிற மாதிரி தளர்வாகப் பரப்பிவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. வாசல் குழாய் கசிந்துதான் குழி வந்தது என்றால், முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடி ஒழுகுகிறது. பக்கத்தில் ரோடு போட்டபோது மிச்சமான தாரைக் காய்ச்சி ஊற்றினால் நின்றுவிடும் என்கிறார் மேஸ்திரி. ஊற்றலாமா? (கும்பகோணம் வாசகர்)

வேண்டாம். முன்பு சொன்ன 47 டிகிரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் தாரைத் தாங்க ஜல்லி இருக்கிறது. மாடியில் தனித் தார். சித்திரை வெயிலில் இளகி, சரிவுப் பக்கம் நகர்ந்து, தண்ணீர் போகும் குழாய் வாயில் கட்டியாக நிற்கும். மேட்டில் தோல் போல் மெலிந்து, வெயிலின் புற ஊதாக் கதிரில் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும். காங்கிரீட்டில் ஏற்கெனவே ஊறியிருக்கிற ஈரம் மேலே போக வழியில்லாமல் கொப்பளம் விடும். கறுப்பு நிறம் வீட்டைச் சுட வைப்பது தனி.

கட்டடத்துக்கான தார் வேறு. சாலைத் தாரை 250 டிகிரி அளவுச் சூட்டில் வைத்துக் காற்றை ஊதினால் அதன் தன்மை மாறி, இளகுநிலை எகிறும். 85/25 என்று விற்பது அதுதான்: இளகுநிலை சுமார் 85, ஊசி இறக்கம் சுமார் 25. அடித்தள ஈரத்தடுப்புக் காங்கிரீட் மேல் இதைச் சதுர மீட்டருக்கு 1.7 கிலோ அளவு பூசுவது உண்டு. காங்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகு தூசி தட்டி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சூடாகப் பூச வேண்டும்.

உங்கள் மாடிக்கு ஏ.பி.பி. பாலிமர் கலந்த தார்ச் சுருள்தான் பொருத்தம். இளகுநிலை 150 டிகிரி அளவில் இருக்கும். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், 3 அல்லது 4 மி.மீ. கனம். முதலில் பழைய தட்டோடு, சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த தளம்) எல்லாம் பழுதாகியிருந்தால் பெயர்த்து, வெடிப்பை அடைத்து, சரிவைச் சரிசெய்யுங்கள். கைப்பிடிச் சுவர் அடியில் சிமெண்ட் கலவையால் உள்வளைவு கொடுங்கள். சுருளை 90 டிகிரி மூலையில் மடித்தால் அங்கேதான் முதலில் கிழியும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவிட வேண்டும். இந்த ஒரு இரவைப் பொறுக்காமல் ஒட்டியதுதான் நாம் பார்க்கும் கொப்பளங்களில் பாதி.

பிறகு பிரைமர், சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர் அளவு. காய்ந்ததும் மாடியின் தாழ்ந்த பக்கத்திலிருந்து சுருளை விரியுங்கள், மேட்டிலிருந்து அல்ல. ஓட்டு வீட்டில் ஓடு வேய்கிற அதே நியாயம்: மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் ஏற வேண்டும். பக்க இணைப்பு 10 செ.மீ., முனை இணைப்பு 15 செ.மீ. கேஸ் டார்ச்சால் சுருளின் அடிப்பக்கத்தைக் காட்டும்போது மேலே ஒட்டியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் சுருங்கி மறைந்து, தார் பளபளப்பாக வேண்டும். அந்த நொடியில் உருட்டி அழுத்துங்கள். இணைப்பு நெடுக ஒரு கறுப்பு நூல் மாதிரி தார் பிதுங்கி வந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது. பிதுங்காத இடத்தில் கரண்டி முனை உள்ளே போகும், தண்ணீரும் போகும். சுவரில் குறைந்தது 15 செ.மீ. ஏற்றி, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி உள்ளே செருகிப் பூசிவிடுங்கள்.

1000 சதுர அடி மாடிக்கு, இணைப்புக்கும் சுவரில் ஏற்றுவதற்கும் சேர்த்து 12 சுருள் பிடிக்கும். முடித்ததும் குழாய் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். ஒழுகாவிட்டால் மட்டும் மேலே தட்டோடு பதியுங்கள். வெயில் நேரே படாமல் மூடியிருந்தால் சுருள் பல மடங்கு காலம் உழைக்கும்.

கேள்வி: மொகஞ்சதாரோ பெருங்குளத்தில் தார் பூசினார்கள் என்பது நிஜமா? அப்போது ஏது சுத்திகரிப்பு ஆலை? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

நிஜம். செங்கல் சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூச்சு இருக்கிறது. இயற்கையாகவே மண்ணிலிருந்து கசியும் நிலக்கீல் உலகில் பல இடங்களில் உண்டு. டிரினிடாட் தீவில் சுமார் 100 ஏக்கரில் ஒரு ஏரியே இருக்கிறது. மேலே நடக்கலாம், ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால் மெல்ல அமிழும். அதை இன்றும் வெட்டி எடுத்துச் சாலைக்கு விற்கிறார்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் சாலை என்றால் தாருக்குப் பதில் பிளாஸ்டிக்கா? (மதுரை வாசகர்)

இல்லை. தாரில் 6 முதல் 8 சதவீதம் எடைக்குத்தான் பிளாஸ்டிக். புதுக்கோட்டை வாசகரின் 438 கிலோ கணக்கில் 8 சதவீதம் என்பது 35 கிலோ. உங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2013-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைப் பொறியாளர்களின் அமைப்பு) இதற்கென்று தனி வழிகாட்டியே வெளியிட்டது.

நுட்பம் எளிது. நறுக்கிய கேரி பேக் துண்டுகளைத் தாரில் போடுவதில்லை, சூடான ஜல்லி மேல் தூவுகிறார்கள். 160 டிகிரி தாண்டிய கல்லில் பட்ட நொடியில் பிளாஸ்டிக் இளகி மெல்லிய தோலாகப் படியும். அதன் பிறகு தார். பிளாஸ்டிக்கும் தாரும் இரண்டுமே பெட்ரோலியப் பிள்ளைகள், ஒட்டிக்கொள்ளும். கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வேலி விழுகிறது. செங்கல்பட்டுக்காரரின் சிக்கலுக்கு இதுவும் ஒரு பதில். பி.வி.சி. மட்டும் கலந்துவிடக் கூடாது. சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும், பிளாண்ட்டில் நிற்கிறவர் நெஞ்சுக்கு ஆபத்து. குப்பையிலிருந்து பிரித்தெடுக்கும்போது பழைய பைப்பு, வயர் உறை போகாமல் பார்ப்பதுதான் இதில் சிரமமான வேலை.

கேள்வி: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் எங்கள் வீடு ஒரு படி இறங்குகிறது. (சென்னை, மயிலாப்பூர் வாசகர்)

பழைய அடுக்கைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதன் விளைவு. சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய மட்டத்திலேயே போட வேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசின் தலைமைச் செயலர் அறிவுறுத்தியிருக்கிறார். வேலை தொடங்கும் நாளிலேயே மில்லிங் இயந்திரம் வந்ததா என்று கேளுங்கள். போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. சுரண்டிய துகள் குப்பையும் அல்ல. அதில் தாரும் ஜல்லியும் இருக்கின்றன, புதுக் கலவையில் ஒரு பங்காகச் சேர்க்கலாம்.

கேள்வி: பேரலில் தார் காய்ச்சும்போது திடீரென்று பொங்கி வழிகிறது. ஒருவர் கையில் கொட்டிவிட்டது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். செய்தது சரியா? (சாலைப் பணியாளர், விருதுநகர் மாவட்டம்)

மண்ணெண்ணெய் போட்டது தவறு. இனி வேண்டாம். தார் கொட்டினால் உடனே குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடமாவது பிடியுங்கள். தோலில் ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஆறிய தார் புண்ணை மூடிய கட்டு மாதிரிதான். அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள், எண்ணெய்ப் பசை போட்டு அவர்கள் மெல்லக் கரைத்து எடுப்பார்கள். விரலையோ மணிக்கட்டையோ சுற்றி வளையமாக ஒட்டியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ஆறும்போது சுருங்கி ரத்த ஓட்டத்தை இறுக்கும். கண்ணில் பட்டால் 108-ஐக் கூப்பிடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள்.

பொங்குவதற்குக் காரணம் தண்ணீர். மூடி இல்லாமல் வெளியே கிடந்த பேரலில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 1600 லிட்டருக்கு மேல் விரியும். தாருக்குள் மாட்டிய ஆவி நுரையாகத் தூக்கிக்கொண்டு வரும். பேரலைப் படுக்க வைத்து மூடி சேமியுங்கள். காய்ச்சும் பாத்திரத்தை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். 100 முதல் 110 டிகிரியில் தீயைத் தணித்து, நுரை அடங்கும் வரை கிளறுங்கள், அதன் பிறகு சூட்டை ஏற்றுங்கள். தீப்பிடித்தால் மூடி போட்டு அணையுங்கள், அல்லது மணல். தண்ணீர் ஊற்றினால் எரியும் தார் சுற்றியிருப்பவர்கள் மேல் தெறிக்கும். முழுக்கைச் சட்டை, காலுறையோடு பூட்ஸ், கையுறை ஆகியவற்றைக் கான்ட்ராக்டரிடம் கேட்டு வாங்குங்கள், செருப்போடு நிற்காதீர்கள்.

கேள்வி: லாரி நிறுத்துமிடத்தில் மட்டும் தார் குழைந்து பள்ளமாகிறது. ஏன்? (நாமக்கல் வாசகர்)

சொட்டும் டீசலும் இன்ஜின் ஆயிலும். எந்த எண்ணெயிலிருந்து தார் பிரிந்ததோ அதிலேயே மீண்டும் கரைகிறது. நிறுத்துமிடம், பெட்ரோல் பங்க், பணிமனை மூன்றுக்கும் காங்கிரீட் தளமே சரி.

கேள்வி: புதுச் சாலையில் போனதில் கார் கதவு முழுக்கத் தார்ப் புள்ளிகள். சுரண்டினால் பெயிண்ட் போகிறது. (திருச்சி வாசகி)

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் புள்ளி மேல் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள், வழித்தால் வந்துவிடும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தின்னர் வேண்டாம், தாருக்கு முன்னால் பெயிண்ட்டைக் கரைத்துவிடும்.